மூடி போட்ட ரொட்டிக் கிண்ணம்

ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், வீரலட்சுமி என்பவரின் வீட்டு முதல் மாடியில், ராஜலட்சுமியும் அவள் கணவர் சுடலைமுத்துவும் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். அவள் பிறந்தது கழுகுமலை. அவருடைய ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். மகன் ராஜேஷ்குமார் நடை பழகிய வருஷம், தெரிந்தவர் ஒருவர் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டதன் பேரில், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு சாக்கு மூட்டைப் பாத்திரங்களோடும் இங்கே வந்து இறங்கினார்கள். பாத்திரங்களில் சில இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மகன் இங்கேயே படித்து, டிப்ளமோ முடித்து, இப்போது புனேயில் ஒரு கம்பெனியில் இருக்கிறான்.

சுடலைமுத்து இரும்பு வார்க்கும் ஆலையில் உலைப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறார். அவருக்கு நிரந்தரமாக முதல் ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். திரும்பி வரும்போது மதியம் இரண்டே முக்கால். ராஜலட்சுமி, வண்டிகளுக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாக இணைத்துக் கொடுக்கும் கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். அவளுடைய பஸ் மதியம் ஒரு மணிக்கு வரும். அவள் வீடு திரும்பும்போது அவர் முதல் தூக்கத்தைத் தாண்டியிருப்பார். அவர் கிளம்பும்போது அவள் கண் திறக்க மாட்டாள். ஒருவர் புரண்டு படுக்கும் சத்தத்தில்தான் மற்றவர் வீட்டில் இருப்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறை என்று பெயர். ஆனால் அவருக்கு அன்று ஊர்ச் சங்கம் உண்டு. தென்மாவட்டத்துக்காரர்கள் கூடிக் கோயில் கட்டும் வேலை நடக்கிறது. அங்கேயே பந்தியும் நடக்கும். அவளுக்கோ பாதி ஞாயிறுகள் ஈடுசெய்யும் வேலை நாளாகவே கழியும்.

மகன் வீட்டில் இருந்தவரை இந்தக் குறை உறைக்கவில்லை. காலையில் அம்மாவோடு சாப்பிடுவான், மாலையில் அப்பாவோடு சாப்பிடுவான். ஒருவர் பேச்சை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அவன் புனேக்குப் போன பிறகு அந்த வேலை முழுவதும் பாத்திர மூடிகளின் தலையில் விழுந்தது.

மதியச் சாப்பாடு அவள் ஆக்கி வைத்துவிட்டுப் போவாள். இரவுச் சாப்பாடு அவர் ஆக்கி வைத்துவிட்டுப் படுப்பார். பாத்திரத்தின் மேல் மூடி இருந்தால், நான் சாப்பிட்டாயிற்று, இது உன் பங்கு என்று பொருள். மூடியின் மேல் டம்ளர் கவிழ்ந்திருந்தால், வேறெதையும் தேட வேண்டாம், இவ்வளவுதான் என்று பொருள். கரண்டி குறுக்கே கிடந்தால், சுட வைத்துச் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி வகுக்கவில்லை. வருஷக் கணக்கில் கை பழகிப் பழகித் தானாகவே ஒரு பாஷை ஆகிவிட்டது. மனஸ்தாபம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களிலும் மூடி தவறியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மூடி கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், அவ்வளவே.

இதனால் அந்த வீட்டின் சமையலே மாறிப்போயிற்று. காத்திருக்கத் தெரிந்த பதார்த்தங்கள் மட்டுமே அங்கே நிலைத்தன. புளிக்குழம்பு நிலைத்தது, துவையல் நிலைத்தது. தோசை நின்றுபோயிற்று. அப்பளம் பொரிப்பது எப்போது நின்றதென்று ராஜலட்சுமிக்கே நினைவில்லை. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது பழைய அப்பளக் கட்டு ஒன்று தட்டுப்பட்டது. ஓரம் தொட்டதும் உதிர்ந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள்.

அந்த வாரத்தில்தான் ராஜேஷ்குமார் வீடியோவில் கூப்பிட்டான். நண்பர்களோடு ஏதோ ஒரு கடையில் உட்கார்ந்திருந்தான். போனைத் திருப்பி மேசையைக் காட்டினான்.

"இங்க பாரும்மா. ரொட்டியவே கிண்ணமா வச்சிருக்கான். உள்ள சூப்பு. குடிச்சிட்டுக் கிண்ணத்தையும் தின்னுரணும்."

"அப்ப பாத்திரம் கழுவுற வேலை மிச்சம்லா."

"ஒனக்கு அதான் தோணும். மேல பாத்தியா, வெட்டி எடுத்த ரொட்டியவே மூடியாச் சாச்சு வச்சிருக்கான். ஆனா ஆற விடக் கூடாதும்மா. வந்த ஒடனே உக்காந்து சாப்பிட்டுரணும். பேசிட்டிருந்தா ஊறிப்போவும்."

"நீ எங்கிட்டப் பேசிட்டிருக்கியே, அது ஊறலயா?"

"ஊறுதும்மா. வைக்கட்டா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். அவள் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற விடக் கூடாது என்ற சொல் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது. மறுநாள் லைனில் நின்று ஒயர்களின் முனையைச் செருகும்போதெல்லாம் அது திரும்பத் திரும்ப வந்தது. மூடி வைக்க முடியாத ஒரு சாப்பாடு. ஒருவர் சாப்பிட்டு மற்றவருக்கு எடுத்து வைக்க முடியாத ஒரு சாப்பாடு. அதைச் செய்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? வேறு வழியே இல்லையே. அவளுக்கு அந்தக் கணக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

என்ன சூப் என்பதில் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஓசூருக்கு வந்த முதல் வருஷம், அவள் வேலைக்குப் போகத் தொடங்குமுன், சாயங்காலங்களில் மூவரும் பாகலூர் சாலை பேக்கரி வரைக்கும் நடப்பார்கள். அங்கே ஒரு மசாலா சாண்ட்விச் வாங்கிக் குறுக்கே வெட்டச் சொல்வார் சுடலைமுத்து. வெங்காயம், கேரட், முட்டைகோஸ், தக்காளி எல்லாம் பச்சை மிளகாயோடு வதங்கி, வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் இருக்கும். கடை வாசலிலேயே நின்று தின்பார்கள். வெண்ணெய் அவர் மணிக்கட்டு வரை வழியும். குழந்தை அதை நக்கும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பண்டத்தை மென்றது என்று நினைத்துப் பார்த்தால் அவளுக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சாண்ட்விச்சையே சூப்பாக்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

முதல் முயற்சி அவளோடேயே முடிந்தது. பேக்கரியில் சாதாரணப் பன் ஒன்று வாங்கி வந்து, உள்ளே தோண்டி, காய்கறிச் சாற்றை ஊற்றினாள். ஊற்றிய கரண்டியைக் கீழே வைப்பதற்குள் பன்னின் அடி கழன்று, சாறு தட்டெல்லாம் பரவிற்று. இனிப்பும் காரமுமாகக் கலந்து கிடந்ததை அவள் ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கணவருக்கு வழக்கம்போல் புளிக்குழம்பு மூடியின் கீழ் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேக்கரிக்காரரிடமே போய் நின்றாள். மோகன்குமார், ஹாசன் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கன்னட வாடை வீசும் தமிழில் எல்லோரையும் கேலி செய்வார்.

"சூப்பா? பன்னுக்குள்ளேயா?" என்று கேட்டார். "அக்கா, அது பாலும் சக்கரையும் போட்ட பன்னு. சின்னக் கொளந்தை மாதிரி. தண்ணி பட்டா அளுதுடும்."

"அழாத ரொட்டி ஏதாவது இருக்கா?"

"ரஸ்க்குக்குப் போடற மாவு இருக்குது. அதுலே உருண்டையாப் பண்ணி, மேலே நல்லாக் கருக வெச்சுத் தர்றேன். ஒரு நாள் ஆறப் போடுங்க. அப்புறம் நீங்க தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். எத்தனை வேணும்?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டு ரொட்டிக்கு ஒரு பேக்கரிக்காரன்." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "ஒரு சாண்ட்விச்சை வெட்டி ரெண்டு பேரா நின்னு தின்னவங்க நீங்க. இப்போ ஆளுக்கொரு ரொட்டி. பெரியாளு ஆயிட்டீங்க."

அவருக்கு அது நினைவிருந்தது ராஜலட்சுமிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் சுவைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு ரஸ்க்கையும் டீயையும் நீட்டினார். அவள் ரஸ்க்கை டீயில் நன்றாக முக்கி, இடது கடைவாயில் வைத்துக்கொண்டாள். வலது பக்கத்துப் பல் ஒன்று சில மாதங்களாகவே சரியில்லை. கைப்பையில் ஒரு சின்ன டப்பியில் கிராம்பு வைத்திருந்தாள். லைனில் வலி எடுத்தால் ஒன்றை அடக்கிக்கொள்வாள். லைனில் பக்கத்தில் நிற்கும் அனிதாவுக்கு அது தெரியும். வீட்டில் தெரியாது.

நாள்தான் வாய்க்கவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு வாரம் கழித்து அதுவும் வாய்த்தது. பராமரிப்புப் பணிக்காக அந்தப் பகுதி முழுக்கப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் என்றும், அன்றைக்குக் கம்பெனிக்கு விடுமுறை என்றும், அதற்கு ஈடாக ஞாயிறு வேலை என்றும் சூப்பர்வைசர் சொன்னார். மற்றப் பெண்கள் ஞாயிறு போயிற்றே என்று முனகினார்கள். ராஜலட்சுமி முனகவில்லை. சுடலைமுத்துவின் ஆலை வேறு பக்கம். அங்கே அன்று வேலை உண்டு. ஆகவே அவர் இரண்டே முக்காலுக்கு வீடு வருவார். அவள் வீட்டில் இருப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு வேலை நாளின் மதியத்தில் அப்படி நடப்பது அதுவே முதல் தடவை.

அவரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால், நீ படுத்து ஓய்வெடு, நான் எடுத்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பார். சொல்லாமல் இருந்தால், கதவைத் திறந்ததும் அவள் நிற்பாள். கிண்ணம் ஆவி பறக்க இருக்கும். உட்காரத்தான் வேண்டும்.

அன்று காலை எழுந்ததும் அவருடைய மாற்று யூனிபாரத்தைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டாள். மதியத்துக்கு மேல் அடுப்பு பற்ற வைத்தாள். மின்சாரம் இல்லாததால் மிக்ஸி இல்லை. வீடும் வழக்கத்துக்கு மாறாக நிசப்தமாக இருந்தது. வெண்ணெயை உருக்கி வெங்காயத்தைப் போட்டாள். பச்சை மிளகாய், இஞ்சி, பிறகு கேரட், கோஸ், குடைமிளகாய் எல்லாம் பொடிப்பொடியாக. தக்காளி கரைந்து வெண்ணெய் ஓரங்களில் பிரிந்ததும் மஞ்சள் தூளும் மிளகுத் தூளும் தூவினாள். வேகவைத்த உருளைக்கிழங்கை மத்தால் மசித்துச் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினாள். முந்தின நாளே மோகன்குமாரிடம் வாங்கி ஆறப் போட்டிருந்த ரொட்டிகளின் தலையை வட்டமாக வெட்டி, உள்ளே இருந்த பஞ்சைத் தோண்டி எடுத்து, அதையும் உதிர்த்து அதே சாற்றில் போட்டாள். சாறு கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாயிற்று. சாண்ட்விச்சில் இருந்த எல்லாம் அதில் இருந்தது, ரொட்டி உள்பட. பேக்கரி வாசலின் வாசனை அந்தச் சின்னச் சமையலறைக்குள் வந்து நின்றபோது, அவள் தன்னையறியாமல் ஜன்னலைச் சாத்தினாள்.

குடைந்த ரொட்டிகளின் உட்புறம் முழுக்க வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டுச் சிவக்க விட்டாள். முதல் தடவை பட்ட பாடு நினைவிருந்ததால் இதில் அவசரப்படவில்லை. தட்டிப் பார்த்தாள். டொக்கென்று கேட்டது.

தரையில் பாயை விரித்து எதிரெதிரே இரண்டு தட்டுகளை வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு மறுபடியும் அருகில் வைத்தாள்.

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. முனையிலிருந்து வீட்டுக்கு இரண்டு நிமிஷ நடை. அவள் சாற்றை ஒரு கொதி விட்டு, இரண்டு கிண்ணங்களிலும் விளிம்பு வரை ஊற்றினாள். மல்லித்தழை தூவினாள். வெட்டிய மேல்பாகங்களை, மகன் காட்டிய படத்தில் இருந்தபடியே, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தாள். ஆவி இடுக்கு வழியாக நூலாக எழுந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றாள்.

அவர் வரவில்லை. படிக்கட்டில் காலடி கேட்கவில்லை. மாறாக, ஜன்னல் தகரத்தில் சடசடவென்று தூறல் விழுந்தது.

யூனிபாரம் மாடியில் கிடந்தது. நாளைக்கு அதைத்தான் அவர் போட வேண்டும். ஒரே ஓட்டம், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். கிண்ணங்களைப் பார்த்தாள். சூடு போய்விடக் கூடாது என்று, சாய்ந்திருந்த மூடி இரண்டையும் நேராக அமர்த்தி வைத்தாள். வருஷக் கணக்காகக் கை பழகிய பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு, வாடகை வீடுகள் நிறைந்த தெருவில் எப்போதும் செய்கிறபடியே கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் வீட்டுக்காரர் வீரலட்சுமி தனியாகப் போராடிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்துக்குக் கெலவரப்பள்ளிப் பக்கம் நிலம் உண்டு. அறுத்துக்கொண்டு வந்த ராகியை மாடி முழுக்கப் பரப்பியிருந்தார்கள்.

"நல்ல வேளை வந்தே. பேகா, பேகா, சீக்கிரம் அந்த முனையைப் புடிம்மா" என்று தார்ப்பாயை நீட்டினார் அவர்.

"அக்கா, அடுப்படியில வேலை கெடக்கு..."

"அடுப்பு எங்கியும் ஓடாது. ராகி நனைஞ்சா மொளைச்சுக்கும். இன்னிக்கி டூட்டி இல்லியா ஒனக்கு?"

"கரண்டு இல்ல, லீவு விட்டாங்க."

"அதான் பகல்ல ஒன் மூஞ்சியப் பாக்கறேன். இத்தினி வருசத்துல நீ வெள்ளையா கறுப்பான்னே எனக்கு மறந்துபோச்சு. இழு, இழு, கல்லு வை."

மறுக்க முடியவில்லை. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை காற்றில் எழுந்தது. கூட்டிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்து முடிப்பதற்குள் அரை மணி போயிற்று, தூறலும் நின்றேவிட்டது. ஈர யூனிபாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது, கதவுக் கொண்டியில் பூட்டு திறந்து தொங்கியது. வாசலில் அவருடைய செருப்பு.

உள்ளே பாய் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டிருந்தது. ஒரு தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அடுப்பு மேடையில், ராஜேஷ் பள்ளிக்குக் கொண்டுபோன பழைய ஹாட்பாக்ஸ். அதன் மூடி இறுக்கிச் சாத்தியிருந்தது. மூடியின் மேல் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

சுடலைமுத்து முன்னறையில் வெறும் தரையில் துண்டை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். சத்தம் கேட்டுத் துண்டை விலக்கினார்.

"ராஜி? நீ டூட்டிக்குப் போகலியா?"

"இன்னிக்கி லீவு. கரண்டு கட்டு."

"காலையில சொல்லலியே."

"காலையில நீங்க எங்க இருந்திய?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் முகத்தையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூட்டிக் கெடந்துச்சு. எங்கிட்ட உள்ள சாவியப் போட்டுத் தொறந்தேன். ரெண்டும் மூடி வச்சிருந்துச்சு. சரி, நீ சாப்பிட்டு வச்சிட்டுப் போயிருக்கன்னு நெனச்சேன். சூடா இருந்துச்சு, ரொட்டிக்குள்ள ஆறாது போலன்னு விட்டுட்டேன்."

"ரெண்டு இருந்துச்சே."

"ஒண்ணு மத்தியானத்துக்கு, ஒண்ணு ராத்திரிக்குன்னு நெனச்சேன். பெறவு, நம்மளே ரெண்டையும் திங்கவா, அவ வந்து சாப்பிடட்டும்னு ஒனக்கு எடுத்து வச்சேன். அதுல வச்சா சூடு நிக்கும்லா."

"பஸ்ஸு ஹாரன் அப்பவே கேட்டுச்சே. அம்புட்டு நேரம் எங்க நின்னிய?"

"டீக்கடையில. தெனமும் நிப்பேன்லா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தினமும் எந்தக் கடையில், யாரோடு, எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது பேக்கரிக்காரருக்குத் தெரிந்திருக்கும், எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் ராஜலட்சுமி எப்போதும் ஒயர் முனைகளைச் செருகிக்கொண்டிருப்பாள்.

அவள் ஹாட்பாக்ஸைத் திறந்தாள். ஆவி மூடியில் பட்டு வேர்த்துச் சொட்டியிருந்தது. ரொட்டி தன் வட்டத்தை விட்டுவிட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து, டப்பாவின் உருவத்துக்கு அமுங்கிக் கிடந்தது. டொக்கென்று கேட்ட ஓடு விரல் வைத்தால் பதியும்படி ஆகியிருந்தது.

"நல்லா இருந்துச்சு ராஜி" என்றார் அவர் அவள் முதுகைப் பார்த்து. "நம்ம பேக்கரி சாண்ட்விச்சு வாடை அடிச்சிச்சு. நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

அவள் திரும்பவில்லை. அவருக்கு அது விளங்கியிருந்தது என்பதும், அதை அவர் தனியாக நின்றுகொண்டு விளங்கிக்கொண்டார் என்பதும் ஒரே சமயத்தில் அவளுக்குள் இறங்கின. ஹாட்பாக்ஸ் மூடியைக் கீழே வைத்துவிட்டு, "மூடி போட்டது நாந்தான்" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. கொதி வந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

சரிந்த ரொட்டியைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டு வந்து, பாயை மறுபடியும் விரித்து உட்கார்ந்தாள். அவர் வழக்கப்படி எழப் போனார். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பழக்கமில்லாதவர். நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்பதே அவர் அறிந்த மரியாதை.

"உக்காருங்க."

"நாந்தான் சாப்பிட்டுட்டனே."

"சும்மா உக்காருங்க."

எதிரே உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டிவி பக்கம் தலை தானாகத் திரும்பியது, மின்சாரம் இல்லை. ஜன்னலைப் பார்த்தார், சாத்தியிருந்தது. கடைசியில் பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறொன்றும் அந்த அறையில் மிச்சமில்லை.

அவள் ஸ்பூனால் ரொட்டியும் சாறுமாக அள்ளி வாயில் வைத்தாள். ஊறிப்போனது அவளுக்கு ஒரு விதத்தில் வசதியாகத்தான் இருந்தது. அந்த முறுகல் ஓட்டை அவள் எப்படிக் கடித்திருப்பாள் என்று அவளே யோசித்திருக்கவில்லை. எல்லாம் அவருக்கென்றே செய்தது.

"எதுக்குட்டி அந்தப் பக்கமாவே மெல்லுத?"

"பல்லு."

"என்ன பல்லு?"

"வலது பக்கம் கடைசி. வலிக்கி."

"எப்ப இருந்து?"

"போன ஆடியில இருந்து."

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அவர் மனசுக்குள் எண்ணியது முகத்தில் தெரிந்தது. ஆடியிலிருந்து எத்தனை இரவுச் சாப்பாடுகளை அவர் ஆக்கி மூடி வைத்திருப்பார். சுண்டல், முறுகலான சப்பாத்தி, வறுத்த கடலை போட்ட எலுமிச்சைச் சாதம். எல்லாப் பாத்திரங்களும் மறுநாள் கழுவிக் காலியாக இருந்தன. பல்வலிக்கென்று அந்த வீட்டில் ஒரு மூடி இருக்கவில்லை.

"சொல்லலியே நீ."

அவள் வாய் நிறைய இருந்தது. அவர் கையை நீட்டி, தட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சாண்ட்விச் நாட்களில் அவருக்குக் கேரட் பிடிக்காது. எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளுவார். எப்போதிலிருந்து பிடிக்கத் தொடங்கியது என்று அவளும் கேட்கவில்லை.

அவள் தட்டை வழித்து முடிக்கும்வரை அவர் எழவில்லை. பிறகு விடியுமுன் எழுந்த உடம்பு தன் வேலையைக் காட்ட, அவருடைய கண்கள் சொருகின. அவள் தலையணை எடுத்துக் கொடுத்தாள். அவர் தூங்கிய பிறகு, ஈர யூனிபாரத்தை நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மாலையில் மின்சாரம் வந்தபோது மின்விசிறி சுற்றிற்று. அவர் அசையவில்லை. அவள் மட்டும் விழித்திருந்தாள்.

மறுநாள் அவள் எழுந்தபோது அவர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நாற்காலியில் யூனிபாரம் இல்லை. பாதி ஈரத்தோடேயே போட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். அரிசி களைவதற்காக அடுப்படிக்குப் போனாள். மதியச் சமையல் எந்நாளும் அவளுடையது. ஆனால் அன்றைக்கு அடுப்பின் மேல் ஏற்கெனவே ஒரு பாத்திரம் இருந்தது. மூடி போட்டிருந்தது.

திறந்தாள். குழையக் குழைய வடித்த சோறு, அதோடு கடைந்த பருப்பு, சுரைக்காய் கரைந்து பருப்போடு ஒன்றாகிப்போயிருந்தது. கடித்து மெல்ல வேண்டியது எதுவும் அதில் இல்லை. விடியுமுன் கிளம்புகிறவர் இதற்காக எப்போது எழுந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. புரண்டு படுக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

டம்ளரைத் தேடினாள். மூடியின் மேல் இல்லை. பக்கத்தில், கவிழாமல் நிமிர்ந்து நின்றது. தண்ணீருக்காக வைத்தது என்று எடுத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. இரண்டு கிராம்பு.

பாயை விரித்து, நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிர்ப்புறம் பாய் காலியாக இருந்தது. இடது பக்கமாகவே மென்றாள். மெல்ல வேண்டிய அவசியமே இல்லாத சோற்றை நிதானமாக மென்றாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவிட்டு, அவருக்குப் புதிதாகச் சோறு வடித்துக் குழம்பு வைத்தாள். மூடினாள். கை பழக்கத்தில் டம்ளரை எடுத்தவள், கவிழ்க்கவில்லை. ஒரு கிராம்பை எடுத்து வலது கடைவாயில் அடக்கிக்கொண்டாள். ஒன்று குறைந்தது அவருக்குத் தெரியும்படி மற்றது உள்ளேயே கிடக்க, டம்ளரை நிமிர்ந்தபடி அவர் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தெருமுனையில் அவளுடைய பஸ் ஹாரன் அடித்தது. கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினாள்.